டன்னண்ணனின் காலி எடை

"இறங்கு ராஜா, இறங்கு. உன்னையும் சேத்து எடை போட நீ என்ன சிமெண்டா?"

ஒலிபெருக்கியில் இந்தக் குரல் கேட்டதும், எடைமேடையில் ஏறி நின்ற லாரியின் கதவு திறந்துவிடும். ஓட்டுநர் குதித்திறங்கி நல்ல பிள்ளையாக ஓரத்தில் போய் நிற்பார். அப்போதும் அறைக்குள் இருப்பவர் பொத்தானைத் தொடமாட்டார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சக்கரமெல்லாம் இரும்புப் பலகைக்குள் இருக்கிறதா, பின்பக்கம் யாராவது தொற்றிக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒரு நோட்டம் விடுவார். திரையில் சிவப்பு எண்கள் மேலும் கீழுமாகத் துள்ளும். அவை அடங்குகிற வரைக்கும் உதட்டைக் குவித்துக்கொண்டு காத்திருப்பார். அடங்கியதும், "ம், நின்னுடுச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சீட்டை அச்சடித்து நீட்டுவார்.

வண்டிக்காரர்கள் அவரை டன்னண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எடை போடுகிறவர் என்பதற்காக வைத்த பெயர் என்று சத்தியம் செய்வார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தச் சத்தியத்தை நம்பமாட்டார்கள். முதலில் இரண்டு கையும் மேசையில் ஊன்றும். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு உடம்பு பகுதி பகுதியாக மேலே வரும்; வயிறு கடைசியாக வந்து சேரும். அந்த நாற்காலியின் கால்களுக்கே பக்கத்துப் பட்டறையில் கொடுத்து இரும்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். பெயரைப் பற்றி அவருக்குக் கோபமில்லை. "கிலோ அண்ணேன்னு கூப்பிட்டாதான்டா எனக்கு அவமானம்" என்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆள் பெரிய ரசிகராக இருந்தார். ரொட்டியில் வெண்ணெய் தடவினால், கடித்த பல்லின் தடம் வெண்ணெயில் தெரிய வேண்டும். கோழி சமைத்தால் சதையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். மொறுமொறுவென்று பொரிந்த தோலை மட்டும் யாரும் தொடக் கூடாது. மனைவி எதையாவது பொரித்துவிட்டுச் சட்டியைக் கழுவப் போட்டால், "ஐயையோ, உசிரை அங்க விட்டுட்டுப் போறியே!" என்று ஓடி வந்து, அடியில் தங்கிய எண்ணெயை ரொட்டித் துண்டால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். வண்டிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கே போய் வந்தாலும் வறுத்ததும் பொரித்ததுமாக ஒரு பொட்டலம் சன்னல் வழியாக உள்ளே வரும். அதற்காக எடையில் ஒரு துளி விட்டுக்கொடுக்க மாட்டார். சாப்பிடுவார், நன்றாக இருந்தால் அடுத்த தடவையும் கொண்டுவரச் சொல்வார், அவ்வளவுதான்.

தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், சட்டத்துக்கு ஏற்ற மாதிரி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாற்பதைத் தாண்டியும் அண்ணன் வாயில் அவள் இன்னும் "பாப்பா"தான். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை முழுதாக விட்டுப் போகாமல் உள்ளேயே தங்கி, சத்தமில்லாமல் ஈரலை அரித்திருக்கிறது. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோத்து உப்பி, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டாள். வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நெருங்கிய சொந்தம் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றும் சொன்னார்கள். அவள் கணவருக்கு ரத்தம் ஒத்துப்போகவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண். டன்னண்ணனுக்கு ஒத்துப்போனது.

"அப்பறம் என்ன டாக்டர், வெட்டி எடுங்க! நம்மகிட்ட என்ன கொஞ்சமாவா இருக்கு?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

மருத்துவர் இளவயதுப் பெண். சிரிக்கவில்லை. ஸ்கேன் படம் தெரிந்த திரையை அவர் பக்கம் திருப்பினார். "உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. மூணுல ஒரு பங்குக்கு மேல. இதை எடுத்து வெச்சா அவங்க உடம்புல சரியா வேலை செய்யாது. மிச்சம் இருக்கறது உங்களையும் காப்பாத்தாது. குறைச்சிட்டு வாங்க, மறுபடி பாக்கறேன். ஆனா அவங்களால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தின்ற வெண்ணெயும் கோழித் தோலும் தொப்பையோடு நின்றுவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். பாப்பாவுக்குப் போக வேண்டிய இடத்தில் போய் அது குடியேறியிருக்கும் என்று யார் கண்டது! வெளியே வந்ததும் மனைவியிடம், "நான் தின்னதுக்கு அவ சாகணுமாடி?" என்று கேட்டார். பிறகு வண்டிகள் நிறுத்துமிடத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதார்.

உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாவின் மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த பழம், ரொட்டி, முட்டையெல்லாம் பரப்பி வைத்திருந்தது. ஒரே எடையில் எண்ணெயையும் மாவையும் எடுத்துக்கொண்டால் எண்ணெயில் இரண்டு மடங்குக்கும் மேலே சக்தி இருக்கிறது, செலவாகாத சக்தி கொழுப்பாகத் தங்கிவிடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். டன்னண்ணனின் மண்டையில் ஏறவில்லை.

"இருங்கம்மா. ஒருத்தன் பஞ்சு ஏத்திட்டு வர்றான். இன்னொருத்தன் இரும்புக் கம்பி ஏத்திட்டு வர்றான். பஞ்சு வண்டி மலை மாதிரி நிக்கும், மேடையில ஏத்தினா ஒண்ணுமே இருக்காது. கம்பி வண்டி பாதி காலியாத் தெரியும், ஏத்தினா டயர் பிதுங்கும். எண்ணெய் கம்பி லோடா?"

ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "கம்பி லோடேதான். நீங்க இனிமே பஞ்சு ஏத்துங்க. காய், கீரை, பழம். தட்டும் ரொம்பும், வயிறும் ரொம்பும். எண்ணெய் ஸ்பூன்ல அளந்து. தினமும் நடங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அன்றைக்கே வீட்டில் எண்ணெய்ப் புட்டி மேல் அலமாரிக்குப் போய்விட்டது. மனைவி ஒரு தேக்கரண்டியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "இதுதான் இந்த வேளைக்கு. ரெண்டு பேருக்கும்."

"இது கண்ணுக்கு மருந்து ஊத்தற அளவுல்ல இருக்கு!"

"ஆமாங்க. இனிமேலாவது கண்ணைத் தொறந்து பாத்துச் சாப்பிடுங்க."

சன்னல் வழியாக வரும் பொட்டலங்களுக்கும் ஒரு முறை கண்டுபிடித்தார். பிரிப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடி ஒரு இழு இழுப்பார். "அருமை! எடுத்துட்டுப் போ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். விஷயம் தெரிந்ததும் வண்டிக்காரர்கள் பழமாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சை யாரும் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பதில்லை.

எடை பார்த்த விதம்தான் பெரிய கூத்து. மனைவி வாங்கி வைத்த சின்ன எடைக் கருவியை அவர் நம்பவில்லை. "பாத்ரூம் மிஷினு. ஈரக் காலுக்கு ஒண்ணு சொல்லும், காஞ்ச காலுக்கு ஒண்ணு சொல்லும்" என்று ஒதுக்கிவிட்டார். காலையில் முதல் வண்டி ஏறுவதற்கு முன் மேடையைக் கழுவிவிட்டு, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நடுவில் நிற்பார். அறுபது டன் தாங்குகிற இரும்புப் பலகையின் நடுவே வெறுங்காலோடு ஒரு மனிதர்! அங்கிருந்தே சன்னல் வழியாகத் திரையைப் பார்ப்பார். நூற்று இருபது. அந்த மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும். இடையில் கிடக்கும் கிலோக்கள் அதன் கண்ணில் படாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தினமும் ஏறினார். தினமும் அதே நூற்று இருபது. "நீயும் என்னை மாதிரிதான், லேசுல அசைய மாட்டே" என்று பலகையைக் காலால் தட்டிவிட்டு இறங்கிப் போவார்.

பரிசோதனை நாள் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் பிடித்தது. காலி வண்டியை எடை போடக் கொண்டுவருகிற சில ஓட்டுநர்களின் சாமர்த்தியம் அவருக்கு அத்துப்படி. காலி எடை குறைந்தால் சரக்கின் எடை கூடுதலாகத் தெரியும் என்பதற்காக உதிரிச் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள், தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துவிடுவார்கள், டீசலை வற்றவிட்டு வருவார்கள். அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்து ஒலிபெருக்கியிலேயே மானத்தை வாங்குகிற மனிதர், இப்போது அதே வேலையைத் தன் உடம்பில் செய்தார். காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு இரவுச் சாப்பாட்டை. மத்தியானத்துக்கு மனைவி கட்டிக்கொடுத்த டப்பா வண்டிக்காரர்களுக்குப் போனது. பால் கலக்காத தேநீரில் பொழுதை ஓட்டினார். நின்றால் தலை சுற்றியது. உட்கார்ந்தால் பொரித்த உருளைக்கிழங்கு கண்ணுக்குள் வந்தது. ஒருநாள் காலை மேடையில் ஏறித் திரும்பிப் பார்த்தால், நூறு! பலகையின் நடுவிலேயே கையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டார். சீக்கிரமே வந்து காத்திருந்த வண்டிக்காரர் ஒருவர், என்ன ஏது என்று தெரியாமலே ஹாரன் அடித்துக் கொண்டாடினார்.

மருத்துவமனைக்குப் போன அன்று முடியை ஒட்ட வெட்டியிருந்தார். இடுப்பு வாரையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எடைக் கருவியில் ஏறி நின்று, பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் அந்த எண்ணைத் தாண்டி ரத்தப் பரிசோதனை முடிவுக்குப் போய்விட்டார். முகம் மாறியது.

"என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்!" என்றார் பெருமையாக.

"அதான் தெரியுது. சாப்பாட்டை அடியோட நிறுத்தினா, உடம்பு அங்கங்க இருக்கற கொழுப்பை உருக்கி ஈரலுக்குத்தான் அனுப்பும். அது வீங்கிப்போய்க் கிடக்கு. போன தடவையைவிட மோசம். எனக்கு உங்க எடை குறைஞ்சா போதாதுங்க. உள்ள இருக்கற ஈரல் நல்லா இருக்கணும்." முடிவுத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்க முடியும். அதுக்குள்ள சரியாகலைன்னா, அவங்க பேரைக் காத்திருக்கறவங்க வரிசையில போட்டுட்டுப் பாக்கணும்" என்றார்.

வரிசை என்றால் என்ன என்று டன்னண்ணனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டிகள் வரிசையில் நின்று நின்று சரக்கு அழுகிப்போவதை அவர் பார்த்திருக்கிறார். வீடு திரும்பும் வழியில், கழற்றிய கைக்கடிகாரத்தை மனைவியேதான் மறுபடி கட்டிவிட்டாள்.

அவளேதான் நாத்தனாரிடம் போட்டும் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் ஒரு வாடகைக் கார் எடைமேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள் தங்கை. உப்பிய வயிற்றின் மேல் தொளதொளவென்ற உடை, கையில் ஒரு துணிப்பை. அவர் பதறிப்போய் எழுந்து ஓடினார்.

"நீ ஏன் பாப்பா வந்தே? டாக்டர் படுத்திருக்கச் சொன்னாங்கல்ல?"

"உன்னைச் சாப்பிடச் சொன்னாங்கல்ல? நீ கேட்டியா?"

இரும்புப் பட்டை அடித்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அதில் பாதியைக்கூட அவள் நிரப்பவில்லை. பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் அவருக்கு வேகவைத்த காய், பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு ரொட்டி. இன்னொன்றில் அவளுக்கு, உப்பில்லாமல் வெந்தது கொஞ்சம்.

"எனக்கும் சோறு இறங்கமாட்டேங்குதுண்ணா. வாயெல்லாம் கசக்குது. கொஞ்சம் கொஞ்சமாவது சாப்பிட்டே ஆகணும்னு சொல்றாங்க. இனிமே மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடலாம். நீ ஒரு வாய் சாப்பிட்டா நான் ஒரு வாய். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்."

"என்ன, மிரட்டறியா?"

"ஆமா."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். ஒரு துண்டு ரொட்டியை அவள் மென்று முடிப்பதற்குள் அவருடைய டப்பா காலியாகியிருக்கும். ஆனால் அன்றைக்கு அவரும் அவள் வேகத்துக்கே மென்றார். அப்படி நிதானமாகச் சாப்பிட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. காய்க்குள் இத்தனை இனிப்பு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணா, சின்ன வயசுல அம்மா கறி வெச்சா, கொழுப்புத் துண்டையெல்லாம் பொறுக்கி உன் தட்டுல தள்ளிவிடுவேனே. ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? அதுக்காகத்தானே உன் பக்கத்துல இடம் பிடிப்பேன்."

"அதெல்லாம்தான் இப்ப அங்க சேந்து கிடக்கு போல." சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "எனக்கு இது வேணாம்ணா. உன்னை வெட்டித்தான் நான் பொழைக்கணுமா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"முடி வெட்டற மாதிரிதான் பாப்பா. திரும்ப வளந்துடும்னு அவங்களே சொல்றாங்க." வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "தங்கச்சி திரும்ப வளருமா? சொல்லு. ம், சாப்பிடு. உன் முறை."

வெளியே ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. "பொறு ராஜா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவளால் வர முடியாத நாளில் அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடுவார். சாப்பிட்டதும் வரிசையில் நிற்கும் லாரிகளை ஒட்டி நடப்பார். முதலில் நாலு வண்டியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, டயரில் சாய்ந்து நின்றுவிடுவார். "என்னண்ணே, டீசல் தீந்துடுச்சா?" என்று வண்டிக்காரர்கள் மேலிருந்து கேட்பார்கள். "லோடு இறக்கிட்டு இருக்கேன்டா" என்பார். நாளாக ஆக வரிசையின் கடைசி வண்டி வரைக்கும் போய் வந்தார். மேடையில் ஏறி நிற்பதை அடியோடு விட்டுவிட்டார். மனைவி அவருடைய கால்சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். கன்னத்துச் சதை வற்றியதும், பாப்பாவின் சாடை அவர் முகத்தில் தெரிய ஆரம்பித்தது. அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்காரர்கூட அதைச் சொன்னார்.

எல்லா நாளும் ஒழுங்காகப் போனதாகச் சொல்ல முடியாது. ஒருநாள் தங்கை ரத்த வாந்தி எடுத்தாள். அவசரமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் விளக்கைக்கூடப் போடாமல் சமையலறைக்குள் போனார். மனைவி போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து, வெண்ணெய் டப்பாவைக் கரண்டியால் வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். "போதுங்க. அவ வந்துடுவா" என்று சொல்லி, முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவர் டப்பாவோடு மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தங்கை கண் திறக்கும் வரை சாப்பிடாமல் காத்திருந்தார். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா?"

கடைசிப் பரிசோதனைக்கு அவளும் வந்தாள். சக்கர நாற்காலியில்தான் வர முடிந்தது. இந்தத் தடவை அவர் இடுப்பு வாரைக் கழற்றவில்லை. காலையில் வயிறாரச் சாப்பிட்டார். ஸ்கேனுக்குச் சொன்னபடி அப்புறம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். இயந்திரத்துக்குள் படுத்து, மூச்சைப் பிடி என்றால் பிடித்தார், விடு என்றால் விட்டார். பிறகு அவரும் மனைவியும் தங்கையும் மருத்துவர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டன்னண்ணன் உதட்டைக் குவித்துக்கொண்டு மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துல ஒரு பங்குக்கும் கீழ வந்துடுச்சு" என்றார் மருத்துவர். முதல் தடவையாகச் சிரித்தார். "சுத்தமா இருக்கு. எடுத்துக்கலாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

"எடுத்துக்கலாங்க."

"அவளைப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

மருத்துவர் தங்கையைப் பார்த்து மூன்றாவது தடவையும் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. மனைவி வீட்டாருக்குத் தகவல் சொல்லக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனாள். டன்னண்ணன் பெஞ்சின் ஓரத்தில், சக்கர நாற்காலியை ஒட்டி உட்கார்ந்தார். தங்கை அவருடைய சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் அவளுடைய கையை எடுத்தார். எலும்பும் தோலுமான அந்தக் கையைத் தன் வலது விலாவுக்குக் கீழே, சட்டையின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டார்.